கடைசிக் கேபின் பிள்ளைகள்

பெர்சி ஜாக்சன் நாவல் வரிசையை முடித்துவிட்ட உங்கள் பன்னிரண்டு வயது மகள் இப்போது கோடை முகாமில் நடக்கும் கதைகளாகவே கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நட்பைப் பற்றியும், ஒரு கூட்டத்தில் நமக்கு இடம் கிடைப்பது, கிடைக்காமல் போவது பற்றியும் எழுத உட்கார்ந்தால் அமெரிக்க எழுத்தாளர்கள் ஏன் நேராக முகாமுக்குப் போய்விடுகிறார்கள், அவற்றில் எதைப் படிக்கக் கொடுக்கலாம் என்பது கேள்வி. முதல் பாதிக்குப் பதில் கொஞ்சம் நீளும். இரண்டாம் பாதியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

எளிய காரணத்தை முதலில் சொல்லிவிடலாம். சிறுவர் கதை எழுதுகிறவருக்குப் பெற்றோரைப் போல் இடைஞ்சல் வேறு இல்லை. பிள்ளைகள் தாமாக ஒரு முடிவெடுக்க வேண்டுமானால் அப்பா அம்மாவைச் சாகடிக்க வேண்டும், அல்லது ஏதாவது சாக்குச் சொல்லி ஊருக்கு அனுப்ப வேண்டும். முகாம் கதையில் அந்தத் தொல்லையே கிடையாது. பெற்றோரே பணம் கட்டி, துணிகளில் பெயர் தைத்து, பிள்ளையைக் கொண்டுவந்து ஏரிக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். நான்கு வாரம், எட்டு வாரம் என்று முடிவுத் தேதியும் கையோடு வந்துவிடுகிறது. ஆனால் இதையெல்லாம் விடுதிப் பள்ளியும் தரும். ஆங்கிலேயர்கள் அதை வைத்தே ஒரு நூற்றாண்டுக் கதைகளை எழுதித் தள்ளினார்கள். முகாமின் தனித்தன்மை வேறு. பள்ளியில் ஒரு பையனுக்கு நண்பனே கிடைக்கவில்லை என்றாலும் கணக்கில் நூறு வாங்கித் தலைநிமிர்ந்து நடக்கலாம். முகாமில் பாடம் இல்லை, தேர்வு இல்லை. சந்தோஷமாக இருப்பதும் நண்பர்களைச் சேர்ப்பதும்தான் அங்கே வேலை. அதில் தோற்றவனுக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த அமைப்பு எப்படி வந்தது என்பதும் கதைகளுக்குத் தேவைப்படுகிறது. 1861இல், உள்நாட்டுப் போர் தொடங்கிய ஆண்டில், கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திவந்த ஃபிரெடரிக் கன் என்பவர் தம் மாணவர்களை நடத்தியே கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். அமெரிக்காவின் முதல் முகாம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். 1881இல் எர்னஸ்ட் பால்ச் என்ற இளைஞர் நியூ ஹாம்ப்ஷயரில் ஸ்குவாம் ஏரியின் நடுவே இருந்த ஒரு தீவில் சோகோருவா முகாமைத் தொடங்கினார். கோடை ஹோட்டல்களில் சோம்பித் திரியும் பணக்கார வீட்டுப் பையன்களைச் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்து ஆளாக்குவது அவர் நோக்கம். இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. 1877இல் வில்லர்ட் பார்சன்ஸ் என்ற பாதிரியார் நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புகளில் இருந்த ஏழைப் பிள்ளைகளைப் பென்சில்வேனியாவின் ஷெர்மன் என்ற சிற்றூருக்கு வரவழைத்து அங்கிருந்த குடும்பங்களோடு தங்கவைத்தார். பணக்காரப் பிள்ளை உரம் பெற வேண்டும், ஏழைப் பிள்ளை நல்ல காற்றுச் சுவாசிக்க வேண்டும் என்று இரண்டு ஆசைகள் சேர்ந்துதான் இந்தப் பழக்கம் வேர்விட்டது. பின்னால் இளம்பிள்ளைவாத பயமும் சேர்ந்துகொண்டது. கோடையில் பிள்ளைகளை நகரத்தைவிட்டு அனுப்பிவிட்டால் தப்பிக்கலாம் என்று பெற்றோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எப்படிப் பொய்த்துப்போகும் என்பதைத்தான் பிலிப் ராத் 2010இல் வெளியிட்ட ‘நெமசிஸ்’ நாவலில், 1944ஆம் ஆண்டு நியூஜெர்சியின் நியூஆர்க் நகரத்தை வைத்து எழுதினார்.

யூதர்களையும் கறுப்பினத்தவரையும் பல முகாம்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே அவர்கள் தங்களுக்கென்று தனி முகாம்கள் வைத்துக்கொண்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1902இல் தொடங்கிய சர்ப்ரைஸ் லேக் முகாம் யூதப் பிள்ளைகளுக்கான பழைய முகாம்களில் ஒன்று. ஆக, வாசலிலேயே பிரித்துவிடுகிறார்கள். உள்ளே போனால் கேபின் (பிள்ளைகள் சேர்ந்து தங்கும் குடில்) வாரியாக, அணி வாரியாக, நீச்சல் தெரிந்தவன் தெரியாதவன் என்று மறுபடியும் பிரிக்கிறார்கள். ‘எல்லோரும் ஒரே குடும்பம்’ என்று தினமும் பாடவைக்கும் இடம், காலையிலிருந்து இரவுவரை பிள்ளைகளைத் தரம் பிரித்துக்கொண்டே இருக்கிறது. நல்ல முகாம் நாவல்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன என்பது என் கருத்து. முகாம் யாரை ஒதுக்கித் தள்ளுகிறதோ அவர்களிடையே உண்டாகும் நட்பைத்தான் அவை எழுதுகின்றன. முகாம் கொடுக்கும் இடத்தைச் சந்தேகத்தோடு பார்க்காத கதை பெரும்பாலும் முகாம் விளம்பரமாகத்தான் முடியும்.

உங்கள் மகளுக்குத் தெரிந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிக் ரியோர்டன் 2005இல் எழுதிய முதல் பெர்சி ஜாக்சன் நாவலில், லாங் ஐலண்டில் இருக்கும் ஹாஃப்-பிளட் முகாமுக்குப் பெர்சி வந்து சேர்கிறான். கிரேக்கக் கடவுளருக்கும் மனிதருக்கும் பிறந்த பிள்ளைகளுக்கான முகாம் அது. பன்னிரண்டு கடவுளருக்குப் பன்னிரண்டு கேபின்கள். எந்தக் கடவுளின் பிள்ளை என்பது தெரிந்தால் அந்தக் கேபின். தெரியாதவர்கள் எல்லோரும் ஹெர்மிஸின் பதினோராவது கேபினில் தரையில் படுக்கை விரித்து அடைந்துகிடக்க வேண்டும். பெர்சிக்கு முதல் நாள் கிடைப்பது தரையில் ஒரு மூலை. பிறகு அவன் பொசைடனின் மகன் என்பது வெளிப்படுகிறது. மூன்றாம் கேபின் முழுக்க அவனுக்குச் சொந்தமாகிறது. அங்கே அவனைத் தவிர ஒருவரும் இல்லை. உரிய இடம் கிடைத்த அன்றே பேச்சுத்துணை போய்விட்டது என்பதை ரியோர்டன் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டு நகர்கிறார். ஐந்தாம் புத்தகம்வரை வந்தவர்களுக்கு அந்தத் தரைப்படுக்கைக்காரர்கள் எதற்காக இருந்தார்கள் என்பது விளங்கியிருக்கும். தந்தை பெயர் சொல்லாமல் விடப்பட்ட அந்தப் பிள்ளைகளில் பலர் எதிரியின் படையில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கடைசியில் பெர்சிக்குச் சாகாவரம் தருகிறோம் என்கிறார்கள் கடவுளர். அவன் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் பதின்மூன்று வயதுக்குள் அவரவர் பெற்றோர் ஏற்றுக்கொள்ள வேண்டும், சிறு தெய்வங்களின் பிள்ளைகளுக்கும் கேபின் கட்ட வேண்டும் என்று கேட்கிறான். வாள்சண்டைக்கும் பூதங்களுக்கும் நடுவே ஐந்து புத்தகங்களாக நடந்துகொண்டிருந்தது இடப் பங்கீட்டுத் தகராறுதான்.

இதே தகராறைக் கடவுளரும் மந்திரமும் இல்லாமல் எழுதியவர் ப்ராக் கோல். 1987இல் வந்த அவருடைய ‘தி கோட்ஸ்’ முகாம் நாவல்களிலேயே ஆகச் சிறந்தது என்று நான் சொல்வேன், ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஒரு முகாமில் வழிவழியாக வரும் ‘வேடிக்கை’ ஒன்று. அந்த ஆண்டு யாருக்கும் பிடிக்காத ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் தேர்ந்தெடுத்து, உடையைப் பிடுங்கிக்கொண்டு, இரவில் ஒரு தீவில் விட்டுவிட்டுப் போய்விடுவது. ஹோவி, லாரா இருவருக்கும் வயது பதின்மூன்று. ஒருவரையொருவர் முன்பின் தெரியாது. காலையில் தங்களை ‘மீட்க’ வருகிறவர்களின் சிரிப்பைச் சந்திப்பதைவிடத் தண்ணீரில் இறங்குவதே மேல் என்று முடிவுசெய்து, ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரை சேர்கிறார்கள். அதற்குப் பிறகு முகாமுக்குத் திரும்பவே இல்லை. பூட்டிய கோடை வீடொன்றில் நுழைகிறார்கள், கிடைத்த துணியை உடுத்துகிறார்கள், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வழி தேடிக்கொண்டே போகிறார்கள்.

கோல் செய்திருக்கும் ஒரு காரியத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். கதை சொல்லும்போது அவர் பெரும்பாலும் இருவரின் பெயரையும் பயன்படுத்துவதில்லை. ‘பையன்’, ‘பெண்’ என்றே எழுதிக்கொண்டு போகிறார். முகாம் அவர்களை அப்படித்தான் பார்த்தது: ஆட்டத்துக்கு ஒரு பையன் வேண்டும், ஒரு பெண் வேண்டும், அவ்வளவே. பெயர்கள் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும்போதுதான் உயிர் பெறுகின்றன. லாரா தன் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசி, வந்து கூட்டிப்போகச் சொல்கிறாள். வீட்டு ஏக்கம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அம்மா நினைத்துக்கொள்கிறாள். அந்த அம்மா கெட்டவள் இல்லை. முகாமுக்குப் பிள்ளையை அனுப்பிய எந்தத் தாயும் சொல்லக்கூடிய பதிலைத்தான் சொன்னாள். இந்த இடத்தில் பெற்றோராகிய நமக்குத்தான் முகம் சுருங்கும். வழியில் இவர்களுக்கு உதவுகிறவர்கள் யார் தெரியுமா? நகரத்தின் ஏழைப் பகுதியிலிருந்து வேறொரு முகாமுக்குப் பஸ்ஸில் வந்த பிள்ளைகள். கேள்வி கேட்காமல் தங்கள் கூட்டத்தில் ஒளித்துவைத்துக்கொள்கிறார்கள்.

முகாமிலிருந்து வீட்டுக்கு எழுதும் கடிதம் இந்த வகைக் கதைகளில் தவறாமல் வரும். 1963இல் ஆலன் ஷெர்மன் பாடிய நகைச்சுவைப் பாட்டு ஒன்று அமெரிக்காவெங்கும் பிரபலம். முகாமில் நரகவேதனை என்று பெற்றோருக்கு எழுதிக்கொண்டே போகும் சிறுவன், மழை விட்டு எல்லோரும் விளையாடப் போவதைப் பார்த்ததும் இந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று முடித்துவிடுவான். லூயிஸ் சாக்கர் 1998இல் எழுதிய ‘ஹோல்ஸ்’ நாவலில் அந்தக் கடிதம் தலைகீழாகிறது. அது கோடை முகாம் கதை அல்ல என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். செய்யாத திருட்டுக்காகப் பிடிபட்ட ஸ்டான்லியிடம் நீதிபதி, சிறைக்குப் போகிறாயா, கிரீன் லேக் முகாமுக்குப் போகிறாயா என்று கேட்கிறார். ஸ்டான்லி ஏழை வீட்டுப் பிள்ளை. முகாமுக்குப் போனதே இல்லை. சின்ன வயதில் பொம்மை விலங்குகளை வரிசையாக வைத்து, அவை முகாமில் இருப்பதாக விளையாடியதோடு சரி. அந்த ஒரு குறிப்பிலேயே யார் முகாமுக்குப் போகிறார்கள், யார் போவதில்லை என்ற நூறாண்டுக் கதையை சாக்கர் சொல்லி முடித்துவிடுகிறார். முகாமை அடைந்தால் பெயரில் இருக்கும் ஏரி தரையில் இல்லை. வறண்ட நிலத்தில் தினமும் ஐந்தடி ஆழத்துக்கு, ஐந்தடி அகலத்துக்கு ஒரு குழி தோண்ட வேண்டும். அதற்குப் பெயர் ஒழுக்கப் பயிற்சி.

அங்கிருந்து ஸ்டான்லி அம்மாவுக்கு எழுதுகிறான்: நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள், நாளெல்லாம் ஏரியில்தான் இருந்தோம் என்று. ஸ்குவிட் என்ற பையன் அதைப் பார்த்துக் கேலி செய்கிறான். இரவில் அழுவது அதே ஸ்குவிட்தான். நாவலின் முடிவில் ஸ்டான்லி விடுதலையாகிப் புறப்படும்போது, ஸ்குவிட் ஓடிவந்து ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, தன் அம்மாவிடம் பேசும்படி கேட்டுக்கொள்கிறான். ஆலன் வருத்தப்படுகிறான் என்று சொல்லச் சொல்கிறான். முகாம் வைத்த பட்டப்பெயருக்குக் கீழே அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது என்பதே அப்போதுதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. ஸ்டான்லிக்கும் ஸீரோ என்று அழைக்கப்படும் ஹெக்டருக்கும் இடையிலான நட்பு ஒரு பண்டமாற்றில் ஆரம்பிக்கிறது. இவன் அவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க, அவன் இவனுடைய குழியில் கொஞ்சம் தோண்டிக் கொடுக்கிறான். கூடாரத்தில் மற்றவர்களுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தில் ஸ்டான்லி கஷ்டப்பட்டுப் பிடித்த இடம் அந்த நட்பினாலேயே கைவிட்டுப் போகிறது. அவன் நட்பைத்தான் வைத்துக்கொள்கிறான். இந்தக் கணக்கு இப்படித்தான் முடியும் என்று பிள்ளைகளுக்கு உபதேசம் இல்லாமல் சொன்ன புத்தகங்கள் குறைவு. அமெரிக்கச் சிறுவர் நூல்களுக்கான நியூபெரி பதக்கத்தை 1999இல் சும்மா கொடுத்துவிடவில்லை.

ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்வது என்ற இந்த வாய்ப்பாட்டைப் பெரியவர்களுக்கான நாவலில் மிகக் கடுமையாகப் பயன்படுத்தியவர் க்ளெண்டன் ஸ்வார்தவுட். 1970இல் வந்த ‘பிளெஸ் த பீஸ்ட்ஸ் அண்ட் சில்ட்ரன்’ அரிசோனாவில் பையன்களுக்கான ஒரு முகாமில் நடக்கிறது. ஒரு பையனை அனுப்புங்கள், கௌபாயாகத் திருப்பி அனுப்புகிறோம் என்பது அந்த முகாமின் விளம்பர வாசகம். கேபின்களுக்குப் புள்ளிக்கணக்கு உண்டு; மேலிருந்து கீழ்வரை அமெரிக்கப் பழங்குடிகளின் பெயர்கள். கடைசிக் கேபினுக்கு மட்டும் அந்த மரியாதையும் கிடையாது. ‘படுக்கையை நனைப்பவர்கள்’ என்று பெயர் வைத்து, கோப்பைக்குப் பதில் ஒரு மூத்திரச் சட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். வேறு எந்தக் கேபினும் ஏற்காத ஆறு பேர் அங்கே சேர்ந்து, வேட்டைக்காக அடைத்துவைக்கப்பட்ட காட்டெருமைகளை விடுவிக்க இரவோடு இரவாகக் கிளம்புகிறார்கள். முடிவு துயரமானது. ஸ்வார்தவுட் சில இடங்களில் குரலை உயர்த்தித்தான் பேசுகிறார். எனக்கு அது உறுத்தும். ஆனால் அந்தச் சட்டி மறக்காது.

பழங்குடிப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க முகாம்கள் பலவற்றுக்கு அப்படித்தான் பெயர்; அந்த மக்களை நிலத்திலிருந்து விரட்டிவிட்டு, அவர்கள் பெயரில் நெருப்பைச் சுற்றி ஆடுவது அங்கே நீண்ட நாள் வழக்கம். 1993இல் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி வேல்யூஸ்’ படம் இதை ஒரே காட்சியில் கிழித்துப் போட்டது. முகாம் நாடகத்தில் பொன்முடிப் பிள்ளைகளுக்குக் குடியேறிகளின் வேடம், முகாமுக்குப் பிடிக்காத பிள்ளைகளுக்கெல்லாம் பழங்குடி வேடம். வெட்னஸ்டே என்ற சிறுமி நடுவில் வசனத்தை மாற்றி, மேடையையே கொளுத்திவிடுகிறாள்.

இப்போது நமக்குப் பரிச்சயமான ஒரு கதைக்கு வருகிறேன். ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1949இல் வெளியிட்ட நாவலில், வியன்னாவிலிருந்து லூயிசும் மியூனிக்கிலிருந்து லாட்டேவும் மலையேரி ஓரத்து விடுமுறை இல்லத்துக்கு வருகிறார்கள். இருவரும் ஒரே முகம். பெற்றோர் பிரிந்தபோது ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்ட இரட்டையர் என்பது அவர்களுக்குத் தெரியாது. லூயிசுக்கு ஆத்திரம், இன்னொருத்தி தன் முகத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தால் வராதா? முதல் நாள் இரவு பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைக்கிறார்கள். இருட்டில் லாட்டே சத்தமில்லாமல் அழுகிறாள். அப்போது ஒரு சின்னக் கை தயங்கித் தயங்கி அவள் தலையைத் தடவுகிறது. சகோதரிகள் என்று தெரிவதற்கு முன்பே நட்பு ஆரம்பித்துவிடுகிறது. கெஸ்ட்னரின் நுட்பம் அந்த வரிசைதான்.

இதை டிஸ்னி 1961இல் ‘தி பேரண்ட் டிராப்’ என்று எடுத்தபோது விடுமுறை இல்லம் அமெரிக்க முகாமாயிற்று. சண்டை போட்ட இரண்டு பெண்களையும் மற்றவர்களிடமிருந்து விலக்கித் தனிக் கேபினில் போடும் தண்டனையும் சேர்ந்தது. அந்தத் தண்டனைக் கேபினில்தான் உண்மை வெளிவருகிறது. ஜெர்மன் மூலத்தில் இல்லாத இந்தச் சேர்க்கையை நான் மிகவும் ரசிப்பேன்: கூட்டத்தைவிட்டு விலக்கினால்தான் நட்பு பிறக்கும் என்று அமெரிக்கர்கள் தாமாகவே கண்டுபிடித்து நுழைத்திருக்கிறார்கள். தமிழில் இந்தக் கதை 1965இல் ‘குழந்தையும் தெய்வமும்’ என்று ஏவி.எம். தயாரிப்பில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் வந்தது. குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் நடித்தார். நம் படத்தில் பாரம் முழுவதும் ஜெய்சங்கர், ஜமுனா தம்பதியின் பிரிவுக்கும் மாமியாரின் பணத்திமிருக்கும் போய்விடுகிறது. இரண்டு சிறுமிகள் முன்பின் தெரியாதவர்களாகச் சந்தித்துப் பகைத்துப் பழகுவது நமக்குத் தனிக் கதையாகத் தோன்றவில்லை. முகாம் என்ற பழக்கமே இங்கே இல்லாதபோது அது இயல்புதான். நம் பிள்ளைகளின் கோடை பாட்டி வீட்டில் கழிந்தது. அங்கே ‘உனக்கு இடம் உண்டா’ என்று யாரும் கேட்பதில்லை. அத்தை பிள்ளையைப் பிடிக்காவிட்டாலும் பக்கத்தில்தான் படுக்க வேண்டும்.

நிறமும் நாடும் குறுக்கே வரும்போது முகாம் கதை இன்னும் கூர்மையாகிறது. வீரா ப்ராஸ்கால் மாஸ்கோவில் பிறந்து ஐந்து வயதில் அமெரிக்கா வந்தவர். 2018இல் அவர் வரைந்து எழுதிய ‘பி ப்ரிபேர்ட்’ அவர் சிறுவயதைத் தழுவியது. பள்ளித் தோழிகளைப் போல் ஒரு பிறந்தநாள் விருந்து வைக்கப் பார்த்து அது சொதப்பலாகிறது. அமெரிக்கப் பிள்ளைகளோடுதான் ஒட்டவில்லை, ரஷ்யப் பிள்ளைகளுக்கென்று நடக்கும் முகாமுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மாவை நச்சரித்துப் போகிறாள் வீரா. அங்கேயும் ஒட்டவில்லை. கூடாரத்தில் அவளைவிட மூத்த இரண்டு பெண்கள். இருவர் பெயரும் சாஷா. பல வருடத் தோழிகள். அவர்களுக்குப் படம் வரைந்து கொடுத்து இடம்பிடிக்கப் பார்க்கிறாள். குழி தோண்டிய மரக் கழிப்பறைக்கு அங்கே ‘ஹாலிவுட்’ என்று பெயர், அந்தப் பக்கங்களில் உங்கள் மகள் வாய்விட்டுச் சிரிப்பாள். நம் இனம் என்ற ஒன்று கிடைத்துவிட்டால் போதும், தனிமை தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை இவ்வளவு சுலபமாக, சிரிக்கவைத்துக்கொண்டே உடைத்த வேறு சிறுவர் நூல் எனக்குத் தெரியாது. வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோரும் படிக்கலாம்.

இதன் இருண்ட பக்கத்தை எழுதியவர் இசட்.இசட். பேக்கர். அவருடைய ‘பிரௌனீஸ்’ சிறுகதை 2003இல் வந்த தொகுப்பின் முதல் கதை. அட்லாண்டாவிலிருந்து முகாமுக்கு வந்த கறுப்பினச் சிறுமிகள், வெள்ளைச் சிறுமிகளின் குழு ஒன்று தங்களில் ஒருத்தியை இழிசொல்லால் அழைத்துவிட்டது என்று சொல்லி அவர்களை அடிக்கத் திட்டமிடுகிறார்கள். ஒரு பொது எதிரி கிடைத்ததும் சிறுமிகளுக்குள் என்ன ஒற்றுமை! கதை சொல்லும் லாரலைக் கூட்டத்தில் யாரும் மதிப்பதில்லை; திட்டத்தில் சேர்ந்தால் அவளுக்கும் இடம் உண்டு. கழிப்பறையில் போய் மடக்கிய பிறகுதான் தெரிகிறது, எதிரே இருப்பவர்கள் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என்று. திரும்பும் பஸ்ஸில் லாரல் தன் அப்பாவைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறாள். எளிய வாழ்வை விரதமாகக் கொண்ட, கேட்டால் உதவி செய்தாக வேண்டும் என்று நம்பும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினரிடம் அவர் தம் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வர்ணம் அடித்துத் தரும்படி கேட்டுவிட்டார். அவர்களும் அடித்தார்கள். ஏன் கேட்டீர்கள் என்றால், ஒரு வெள்ளையன் மண்டியிட்டு ஒரு கறுப்பனுக்குக் காசில்லாமல் வேலை செய்வதை வேறு எப்போது பார்க்கப்போகிறேன் என்கிறார். அந்த இடத்தில் லாரலுக்குப் புரிவது நமக்கும் புரிகிறது. விளக்கவுரை எழுதினால் கெட்டுவிடும்.

முகாம் முடிந்த பிறகு என்ன ஆகிறது? அதைத்தான் மெக் வோலிட்சர் 2013இல் ‘தி இன்ட்ரஸ்டிங்ஸ்’ என்ற பெரிய நாவலாக எழுதினார். 1974ஆம் ஆண்டுக் கோடை. தந்தையை இழந்த பதினைந்து வயது ஜூலி, உதவித்தொகையில் ஒரு கலை முகாமுக்கு வருகிறாள். நியூயார்க்கின் வசதியான, கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் ஏனோ அவளைத் தங்கள் கூட்டத்துக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். அன்று இரவு அவள் பெயர் ஜூல்ஸ் ஆகிறது. அடுத்த நாற்பது வருடம் அந்த ஒரு இரவுக்கு அவள் வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறாள். நண்பர்கள் பணத்திலும் புகழிலும் எங்கோ போய்விட, பொறாமையும் அன்பும் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்துகிடக்கின்றன. ஒரு கட்டத்தில் அவளும் கணவனும் அதே முகாமை நடத்தும் வேலைக்கே திரும்பிப் போகிறார்கள்; அங்கே அவள் தேடியது கிடைக்கவில்லை. நடுவில் நூறு பக்கம் குறைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். முதல் அத்தியாயத்துக்காகவே வாங்கலாம்.

சரி, எதைக் கொடுப்பது? உங்கள் மகளுக்கு உடனே ‘ஹோல்ஸ்’, அதன் பின் ‘பி ப்ரிபேர்ட்’. கெஸ்ட்னரின் நாவல் ஆங்கிலத்தில் ‘லாட்டி அண்ட் லிசா’ என்றும், ஆன்தியா பெல் மொழிபெயர்ப்பில் ‘தி பேரண்ட் டிராப்’ என்றும் கிடைக்கிறது. இரண்டும் ஒரே புத்தகம், இரண்டையும் வாங்கிவிட வேண்டாம். படக்கதை பிடிக்கும் என்றால் 2014இல் தொடங்கிய ‘லம்பர்ஜேன்ஸ்’ வரிசை இருக்கிறது. ஐந்து சிறுமிகள், ஒரு கேபின், காடு நிறைய விசித்திர விலங்குகள். அதில் யாரும் யாரையும் ஒதுக்குவதில்லை. என் வாதத்துக்கு அது ஒத்துவராது, பிள்ளைகளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

‘தி கோட்ஸ்’ நாவலைப் பதின்மூன்று, பதினான்கு வயதில் கொடுங்கள், முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். தொடக்கத்தில் வரும் அவமானம் பச்சையானது, அதைப் பற்றி அவள் உங்களிடம் பேச வரலாம். அதற்கு அடுத்த ஆண்டு ‘பிரௌனீஸ்’. பழைய பாணி நகைச்சுவை பிடிக்குமானால் ஹெர்மன் வூக் 1948இல் எழுதிய ‘தி சிட்டி பாய்’ எந்த வயதுக்கும் ஆகும். 1928இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்து முகாமுக்குப் போகும் ஹெர்பி என்ற குண்டுப் பையனின் கதை. அவன் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியரே முகாமின் முதலாளியும் என்பதால் பிள்ளை பிடிக்கும் வேலை பள்ளியிலேயே நடந்துவிடுகிறது. தனக்குப் பிடித்த பெண் போகிறாள் என்பதற்காகப் போகும் ஹெர்பி, அங்கே பேர் வாங்குவதற்காக அப்பாவின் இரும்புப் பெட்டியிலிருந்து ஐம்பது டாலர் எடுக்கும்வரை போய்விடுகிறான். ஸ்வார்தவுட்டும் வோலிட்சரும் கல்லூரிக் காலத்துக்கு இருக்கட்டும். லிஸ் மூர் 2024இல் எழுதிய ‘தி காட் ஆஃப் த வுட்ஸ்’ உங்களுக்கு. 1975 ஆகஸ்டில், அடிரோண்டாக் மலைக்காட்டு முகாமில் முதலாளியின் மகள் கட்டிலில் இல்லை என்று ஒரு காலையில் தெரியவருகிறது. துப்பறியும் கதையாக ஓடும். அந்தப் பணக்காரக் குடும்பத்தை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரர்கள் அதில் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டே படியுங்கள்.